தீப்பெட்டிப் படமும் ஒரு பாடம்தான்!

சோப்பு உறையில் இருக்கும் படம் ஓவியம் ஆகுமா?

தீப்பெட்டி மேல் ஒட்டியிருக்கும் படம் ஓவியம் ஆகுமா?

"ஆகாது! அது வியாபாரத்துக்காக அச்சடித்த படம். ஓவியம் என்றால் சித்தன்னவாசலில் இருப்பதுதான் ஓவியம்" என்று பலர் சொல்வார்கள்.

ஆனால், அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் உள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்தில் சூப் டப்பாவின் படங்கள் 32 இருக்கின்றன. சாதாரண சூப் டப்பா. கடையில் விற்பது. அந்தப் படங்களின் விலை கோடிக்கணக்கான ரூபாய்!

இப்படிக் கடைப் பொருளையும், விளம்பரத்தையும், சினிமா முகத்தையும், சித்திரக் கதையையும் எடுத்து ஓவியம் ஆக்கும் முறைக்கு "பாப் ஆர்ட்" என்று பெயர். "பாப்புலர்" என்ற சொல்லைச் சுருக்கி "பாப்" என்றார்கள். தமிழில் "ஜனரஞ்சக ஓவியம்" என்று சொல்லலாம்.

இந்த ஓவியத்தைக் கம்ப்யூட்டர் மூலம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்பது வெளிநாடுகளில் வழக்கமாகிவிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிகளுக்கும் அந்தப் பாடம் வர வேண்டும். அழகுக்காக அல்ல, அறிவுக்காக!

சூப் டப்பா விற்ற கதை

ஆண்டி வார்ஹோல் என்பவர் 1928-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். பெற்றோர் ஐரோப்பாவில் இருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். தந்தை கூலித் தொழிலாளி.

வார்ஹோல் முதலில் விளம்பரப் படம் வரைந்து சம்பாதித்தார். காலணி விளம்பரம் வரைவதில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார்.

1962-ம் ஆண்டு ஜூலை மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடந்தது. 32 படங்கள். எல்லாமே சூப் டப்பா! ஒவ்வொன்றிலும் சூப்பின் வகை மட்டும் வேறு.

ஊர் சிரித்தது. பக்கத்தில் இருந்த ஓவியக் கடைக்காரர், நிஜமான சூப் டப்பாக்களை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் அடுக்கினார். "அசல் டப்பா எங்களிடம் மலிவு" என்று கேலி செய்தார்.

ஒரு படத்தின் விலை 100 டாலர். வாங்க வந்தவர்கள் சிலரே. கண்காட்சி நடத்தியவர், 32 படங்களும் பிரியக் கூடாது என்று நினைத்தார். தாமே எல்லாவற்றையும் 1,000 டாலருக்கு எடுத்துக்கொண்டார். அதையும் மாதத் தவணையில்தான் கொடுத்தார்.

1996-ம் ஆண்டு அதே 32 படங்களும் நியூயார்க் அருங்காட்சியகத்துக்குப் போயின. விலை சுமார் 1½ கோடி டாலர்!

சூப் டப்பாவில் அப்படி என்ன இருக்கிறது?

டப்பாவில் ஒன்றும் இல்லை. அதைப் பார்க்க வைத்ததில்தான் எல்லாம் இருக்கிறது. தினமும் கண் முன்னால் இருந்தும் யாரும் நின்று பார்க்காத பொருளை, "நில்! பார்!" என்று அந்த ஓவியம் சொன்னது. இது யார் செய்த படம்? இந்தச் சிவப்பு நிறம் எதற்கு? எல்லா டப்பாவும் ஏன் ஒன்று போலவே இருக்கிறது? இப்படிக் கேள்வி கேட்க வைத்தது.

மஞ்சப்பையும் வார்ஹோலும்

அமெரிக்கச் சங்கதி நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். வார்ஹோல் பின்னால் கையாண்ட முறை தமிழ்நாட்டு வீடுகளில் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுத் தரும் மஞ்சப்பையைப் பாருங்கள். மணமக்கள் பெயர் அதில் அச்சாகி இருக்கும். ஒரு மரச் சட்டத்தில் மெல்லிய வலைத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். எழுத்து வரும் இடத்தைத் தவிர மற்ற இடத்தை அடைத்துவிடுவார்கள். மேலே மையை ஊற்றி ரப்பர் கட்டையால் இழுத்தால், எழுத்து பையில் இறங்கும். நூறு பை என்றாலும் ஆயிரம் பை என்றாலும் ஒரே சட்டம்தான். இதற்கு "ஸ்கிரீன் பிரிண்டிங்" என்று பெயர்.

1962-ம் ஆண்டு முதல் வார்ஹோல் நடிகைகளின் படங்களை அச்சடித்ததும் இதே முறையில்தான். மர்லின் மன்றோவின் ஒரே முகத்தை வரிசை வரிசையாக அச்சடித்தார். ஒரு முகத்தில் உதடு விலகி இருக்கும். இன்னொரு முகத்தில் மை மங்கி இருக்கும். அச்சுக் கூடத்தில் கழித்து எறியும் பிழைகளை அவர் அப்படியே விட்டுவைத்தார்.

இந்தியாவிலும் இந்த வழியில் போனவர் உண்டு. பம்பாயில் 1934-ம் ஆண்டு பிறந்த பூபேன் கக்கர், கணக்குத் தணிக்கை படித்தவர். பரோடாவில் குடியேறி, ஆபீசில் கணக்குப் பார்த்துக்கொண்டே படமும் வரைந்தார். காலண்டர் படங்களில் இருக்கும் பளிச்சென்ற வண்ணங்களை எடுத்துக்கொண்டார். 1972-ம் ஆண்டு அவர் வரைந்தவை என்ன தெரியுமா? முடி திருத்தும் கடையும், கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையும்தான்! 2016-ம் ஆண்டு லண்டனில் உள்ள டேட் மாடர்ன் ஓவியக் கூடம் அவருடைய படங்களைக் கண்காட்சியாக வைத்துக் கௌரவித்தது. அவர் இறந்து அப்போது 13 ஆண்டு ஆகியிருந்தது.

மவுஸ் பிடித்த ஓவியர்

கம்ப்யூட்டரில் ஓவியம் என்பது நேற்று வந்த புதுமை அல்ல.

1985-ம் ஆண்டு ஜூலை மாதம் 23-ந் தேதி. நியூயார்க் நகரத்தில் "அமிகா" என்ற புதிய கம்ப்யூட்டரின் அறிமுக விழா நடந்தது. மேடையில் வார்ஹோல் உட்கார்ந்தார். பக்கத்தில் டெபி ஹாரி என்ற பாடகி. வார்ஹோல் மவுசைப் பிடித்து, பாடகியின் முகத்துக்குத் திரையில் வண்ணம் ஏற்றினார். கூட்டம் கை தட்டியது. அப்போது அவருக்கு வயது 56.

அதன் பிறகு அவர் அந்தக் கம்ப்யூட்டரில் தாமாகவே சில படங்கள் போட்டுப் பழகினார். 1987-ம் ஆண்டு காலமானார். படங்கள் பதிந்த பிளாப்பி தட்டுகள் அருங்காட்சியகத்தில் தூங்கின.

2014-ம் ஆண்டு, பிட்ஸ்பர்க் நகரத்தில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் சங்கத்து மாணவர்கள் அந்தத் தட்டுகளைத் திறந்து படங்களை மீட்டார்கள். அதில் பழைய சூப் டப்பாவும் இருந்தது. மூன்று கண்ணோடு ஒரு பெண் முகமும் இருந்தது. ஒரு கண்ணை நகல் எடுத்து, நெற்றியில் ஒட்டிப் பார்த்திருக்கிறார்!

உலகப் புகழ் பெற்றவரும் முதல் நாள் கம்ப்யூட்டரில் செய்தது, எந்தப் பள்ளிப் பிள்ளையும் செய்யக்கூடிய வேலைதான். நகல் எடு, ஒட்டு, நிறம் மாற்று. பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

சித்தன்னவாசல் முதல் செல்போன் வரை

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இந்தப் பாடம் மிகவும் பொருந்தும். படம் மக்களிடம் வந்து சேர்ந்த கதை முழுவதும் இந்த மண்ணில் இருந்தே சொல்லலாம்.

நகரத்தில் இருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில் சித்தன்னவாசல். சமணர் குகைக் கோவிலின் விதானத்தில் தாமரைக் குளம். அதில் மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். 9-ம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோவிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அந்தப் படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். பார்க்க வேண்டுமானால் மனிதன்தான் மலைக்குப் போக வேண்டும்.

அடுத்தது அம்மன் காசு. புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட சிறிய செப்புக் காசு. ஒரு பக்கம் அம்மன் பிரகதாம்பாள் உருவம். மறு பக்கம் தெலுங்கில் "விஜய" என்ற சொல். நவராத்திரி சமயத்தில் மக்களுக்கு அரிசியோடு அம்மன் காசும் வழங்குவது சமஸ்தானத்து வழக்கம். ஒரே உருவம் ஆயிரக்கணக்கான கைகளுக்குப் போயிற்று!

அதன் பிறகு அச்சு வந்தது. ஓவியர் ரவி வர்மா, புதுக்கோட்டை மன்னர் ராமச்சந்திர தொண்டைமானைத் தைல வண்ணத்தில் தீட்டியவர். அரண்மனைக்கு வரைந்த அவரே 1894-ம் ஆண்டு பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கினார். லட்சுமியும் சரஸ்வதியும் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்தார்கள்.

தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்தது சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ம் ஆண்டு கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டி என்றால் லேபிள் வேண்டும். லேபிள் என்றால் அச்சகம் வேண்டும். இப்படித் தீப்பெட்டியின் பின்னாலேயே அச்சுத் தொழிலும் வளர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்தே தீப்பெட்டி வாங்கினார்கள்.

கோவில்பட்டியில் கொண்டைய ராஜு இருந்தார். நாடகத் திரைச்சீலை எழுதியவர், காலண்டர் ஓவியர் ஆனார். 1976-ம் ஆண்டு அவர் காலமானபோது, அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் தமிழ்நாட்டுப் பூஜை அறைகள் பலவற்றில் இருந்தன. ஓவியரின் பெயர்தான் வணங்கியவர்களில் பலருக்குத் தெரியாது!

இன்று செல்போன். மனிதன் படத்தைத் தேடிப் போன காலம் போய், படம் மனிதனைத் துரத்தும் காலம் வந்துவிட்டது.

படிக்கத் தெரியும், பார்க்கத் தெரியுமா?

இங்கேதான் விஷயம் இருக்கிறது.

1991-ம் ஆண்டு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. பகலெல்லாம் வேலை செய்த பெண்கள், இரவில் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். கையெழுத்துப் போடக் கற்றார்கள். கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் சைக்கிள் ஏறினார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். இந்தியா முழுவதும் திரும்பிப் பார்த்தது.

எழுத்து தெரியாததால் ஏமாந்தவர்கள், எழுத்து தெரிந்த பிறகு நிமிர்ந்தார்கள். பத்திரத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

இப்போது அவர்களுடைய பேரப் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியும். ஆனால் ஏமாற்றுகிறவர்கள் எழுத்தை விட்டுவிட்டுப் படத்துக்கு மாறிவிட்டார்கள்!

அரசு முத்திரை போட்ட வேலை விளம்பரம் செல்போனில் வருகிறது. முத்திரை போலி. பிரபல மனிதர் சிரித்தபடி "இதில் பணம் போடுங்கள்" என்று சொல்லும் வீடியோ வருகிறது. முகமும் போலி, குரலும் போலி. ஐந்து நிமிடத்தில் கடன் என்று வண்ணப் படம் வருகிறது. வட்டி எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியாத சிறிய எழுத்தில் இருக்கிறது.

பொய் சொல்லாத படமும் மனத்தைக் காயப்படுத்தும். "ஃபேர் அண்ட் லவ்லி" கிரீமின் உறையிலும் விளம்பரத்திலும், கறுத்த முகம் படிப்படியாக வெளுப்பதைப் பல ஆண்டுகள் காட்டினார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பெண் குழந்தைகள் கண்ணாடி முன் நின்று தங்கள் நிறத்துக்காக வருந்தினார்கள். கடைசியில் 2020-ம் ஆண்டு அந்தக் கம்பெனியே "ஃபேர்" என்ற சொல்லைப் பெயரில் இருந்து எடுத்துவிட்டது. ஒரு சிறிய உறைப் படம் எத்தனை வீடுகளில் கண்ணீரை வரவழைத்தது!

எழுத்தறிவு போலப் படத்தறிவும் வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது. படம் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம். சமையல் தெரிந்தவரிடம் கெட்டுப்போன குழம்பைப் பரிமாற முடியுமா?

பிள்ளைகள் தங்கள் கையாலேயே விளம்பரப் படம் செய்து, பிரித்து, மாற்றிப் பார்க்க வேண்டும். பாப் ஆர்ட் அதற்கு ஏற்ற பாடம்.

ஐந்து பாடங்கள்

ஓவிய ஆசிரியர் ஒருவர் ஐந்து வாரத்தில் நடத்தக்கூடிய பாடத்தை இங்கே சொல்லலாம்.

முதல் வாரம், பார்ப்பது. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் இருந்து ஒரு படம் கொண்டு வர வேண்டும். தீப்பெட்டி, சோப்பு உறை, அரிசிப் பை, பழைய காலண்டர், எதுவானாலும் சரி. நான்கு கேள்விகள். கண் முதலில் எங்கே போகிறது? என்ன நிறம் அதிகம்? படம் யாரைக் கூப்பிடுகிறது? எதைச் சொல்லாமல் மறைக்கிறது? அன்றைக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம்.

இரண்டாம் வாரம், ஒன்றைப் பல ஆக்குவது. வார்ஹோல் 1962-ம் ஆண்டு ஒரு டாலர் நோட்டின் படத்தை 200 தடவை ஒரே திரையில் அச்சடித்தார். 2009-ம் ஆண்டு அது 4 கோடி டாலருக்கு மேல் விலை போயிற்று. புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு டாலர் எதற்கு? அம்மன் காசு இருக்கிறது! திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போய் வந்து காசை வரையட்டும். கம்ப்யூட்டரில் ஏற்றி 20 நகல் எடுக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் வேறு நிறம் கொடுக்கட்டும். நிறம் மாறும்போது மனம் எப்படி மாறுகிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

மூன்றாம் வாரம், புள்ளி. ராய் லிச்டன்ஸ்டைன் என்ற ஓவியர் 1961-ம் ஆண்டு முதல் சித்திரக் கதைப் படங்களைப் பெரிதாக்கி வரைந்தார். அச்சில் இருக்கும் புள்ளிகளையும் விடாமல் வரைந்தார். பத்திரிகையின் வண்ணப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்தப் புள்ளிகள் தெரியும். நீலம், ஊதாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. அச்சில் இந்த நான்கு மைதான்! செல்போன் திரையில் மூன்றே நிறம். சிவப்பு, பச்சை, நீலம். ஊசி முனை அளவு தண்ணீர்த் துளி திரையில் பட்டால், துளியே பூதக்கண்ணாடியாகி அந்த நிறங்களைக் காட்டும். முகம் என்று நினைத்தது வெறும் புள்ளிக் கூட்டம்! இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை, திரையில் வரும் முகத்தை எல்லாம் உடனே நம்பாது.

நான்காம் வாரம், அளவு. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில், துணி காயப்போடும் கிளிப் ஒன்று 45 அடி உயரத்தில் இரும்பில் நிற்கிறது. கிளாஸ் ஓல்டன்பர்க் என்பவர் 1976-ம் ஆண்டு செய்தது. சிறிய பொருள் பெரிதானால் பார்ப்பவர் நிற்பார். இதைப் புதுக்கோட்டைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். குளமங்கலம் அய்யனார் கோவிலில் 30 அடிக்கு மேல் உயரமான குதிரை நிற்கிறதே! மாசி மகத்தன்று மக்கள் சாத்தும் காகிதப் பூமாலைகளில் குதிரையே மறைந்துபோகிறதே! பிள்ளைகள் ஆதனக்கோட்டை முந்திரிப் பருப்பைத் திருமயம் கோட்டை அளவு ஆக்கிப் பார்க்கட்டும். கீரமங்கலத்து மல்லிகை மொட்டைப் பஸ் மேல் ஏற்றட்டும். சிரிப்பு வரும். விளம்பரத்தில் பிஸ்கட் ஏன் குழந்தையின் முகத்தைவிடப் பெரிதாக இருக்கிறது என்பதும் விளங்கும்.

ஐந்தாம் வாரம், ஒட்டுப் படம். 1956-ம் ஆண்டு லண்டனில் ரிச்சர்ட் ஹாமில்டன் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டி ஒரு வீட்டைக் காட்டினார். டெலிவிஷன், டேப் ரெக்கார்டர், டின்னில் அடைத்த இறைச்சி, எல்லாம் அந்த வீட்டில் இருந்தன. புதுப் பொருள் வாங்கி நிரப்பும் ஆசையைப் பார்த்து அந்தப் படம் சிரித்தது. பிள்ளைகள் தங்கள் வீட்டைச் செய்யட்டும். எது தேவைக்கு வாங்கியது, எது விளம்பரம் பார்த்து வாங்கியது என்று இரண்டு நிறத்தில் காட்டட்டும். பெற்றோரும் அந்தப் படத்தை ஒரு முறை பார்ப்பது நல்லது!

செலவு எவ்வளவு?

"இதற்கெல்லாம் பணம் எங்கே?" என்று கேட்பார்கள்.

படம் வரையும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. "கிரிட்டா", "ஜிம்ப்", "இங்க்ஸ்கேப்" மூன்றும் காசு கொடுக்காமல் எவரும் பயன்படுத்தக்கூடியவை. திருட்டுப் பிரதி தேவை இல்லை.

கம்ப்யூட்டர்? அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. 2011-ம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில் மேல்நிலை மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் வழங்கப்பட்டது. அவற்றில் இன்னும் ஓடுகிற பழைய லேப்டாப் சில, ஊரில் அண்ணன் அக்காமாரிடம் இருக்கக்கூடும். நான்கு பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் போதும். இருவர் செய்ய, இருவர் யோசனை சொல்லலாம்.

அதுவும் இல்லாத ஊரில் கத்தரிக்கோலும் பசையும் போதும். ஹாமில்டன் அதைத்தான் வைத்திருந்தார்!

இன்னொரு செல்வமும் ஊரில் இருக்கிறது. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர்கள், சினிமா பேனர் வரைந்தவர்கள். பிளெக்ஸ் பேனர் வந்த பிறகு அவர்களில் பலர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்கள். தூரத்தில் வரும் பஸ்ஸில் இருந்தே படிக்கும்படி எழுத்தை எப்படி எழுதுவது, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வைத்தால் பளிச்சென்று தெரியும், இதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் பாடத்தில் ஒரு நாள் அவர்களையும் பள்ளிக்கு அழைத்துப் பேச வைக்க வேண்டும். அழைத்ததற்கு உரிய கூலியும் கொடுக்க வேண்டும்.

திருட்டு ஆகாதா?

நியாயமான சந்தேகம் ஒன்று உண்டு. பிறர் செய்த படத்தை எடுத்து மாற்றுவது திருட்டு இல்லையா?

இதற்கு வார்ஹோலின் கதையிலேயே பதில் இருக்கிறது.

பிரின்ஸ் என்ற பாடகரை லின் கோல்ட்ஸ்மித் என்ற பெண்மணி 1981-ம் ஆண்டு போட்டோ எடுத்தார். 1984-ம் ஆண்டு ஒரு பத்திரிகை அவருக்கு 400 டாலர் கொடுத்து, அந்தப் போட்டோவைப் பார்த்து வார்ஹோலிடம் ஒரு படம் வரையச் சொன்னது. ஒரே ஒரு முறை அச்சிட மட்டுமே அனுமதி. ஆனால் வார்ஹோல் அதே போட்டோவை வைத்து மேலும் பல படங்கள் செய்துவிட்டார்.

2016-ம் ஆண்டு பிரின்ஸ் இறந்ததும் அவற்றில் ஒன்று பத்திரிகையில் வந்தது. வார்ஹோல் அறக்கட்டளைக்கு 10,000 டாலர் கிடைத்தது. போட்டோ எடுத்தவருக்கு ஒரு காசும் இல்லை!

வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2023-ம் ஆண்டு மே 18-ந் தேதி, 7 நீதிபதிகள் போட்டோ எடுத்தவர் பக்கமும், 2 நீதிபதிகள் எதிர்த்தும் தீர்ப்புச் சொன்னார்கள். பெரிய ஓவியரின் பெயர், போட்டோ எடுத்தவரின் உரிமையை அழிக்க முடியவில்லை.

ஆகவே பிள்ளைகளுக்கு முதல் நாளே இரண்டு விதிகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, பிறர் படத்தைத் தொட்டால் அவர் பெயரைச் சொல். விற்பதாக இருந்தால் அனுமதி கேள். கூடுமான வரை நீயே எடுத்த போட்டோவை வைத்துச் செய். இரண்டு, பிறர் முகத்தை அவர் சம்மதம் இல்லாமல் மாற்றாதே.

இரண்டாவது விதி மிக முக்கியம். பெண்களின் போட்டோவை எடுத்து அசிங்கமாக மாற்றி மிரட்டும் கயவர்கள் இருக்கிறார்கள். ஒரு முகத்தை மாற்றுவது எத்தனை சுலபம் என்று வகுப்பில் கற்கும் பிள்ளை, அது எத்தனை பெரிய பாவம் என்பதையும் அதே வகுப்பில் கற்க வேண்டும். அப்படிப்பட்ட படம் வந்தால் அந்தப் பெண்ணைக் குறை சொல்லாமல், போலீசில் புகார் கொடுக்கும் துணிவும் வீட்டாருக்கு வரும்.

"இனிமேல் கம்ப்யூட்டரே படம் போட்டுவிடும். வாயால் சொன்னால் போதும். கற்பது எதற்கு?" என்றும் சிலர் கேட்கிறார்கள். கால்குலேட்டர் வந்த பிறகும் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லித் தருவது ஏன்? கடைக்காரர் தப்பாகக் கூட்டினால் கண்டுபிடிக்கத்தான்!

ஓவிய வகுப்பு எங்கே?

எல்லாம் சரி. நேரம் எங்கே?

பள்ளிக்கூட அட்டவணையில் ஓவியப் பீரியட் இருக்கும். பரீட்சை நெருங்கினால் அதைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்ளும். அடுத்த வாரம் அறிவியல் எடுத்துக்கொள்ளும். ஓவியம் மட்டும் யாருடைய பீரியடையும் எடுத்துக்கொண்டது இல்லை!

2012-ம் ஆண்டு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்பயிற்சி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,500-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. கற்றுக் கொடுப்பவர் வயிறு காய்ந்தால் பாடம் எப்படிச் செழிக்கும்?

ஓவிய ஆசிரியருக்கு மதிப்பு வேண்டும். அவருக்குக் கம்ப்யூட்டர் ஓவியப் பயிற்சி வேண்டும். ஆய்வகத்தின் சாவி வாரத்தில் ஒரு மணி நேரமாவது அவர் கைக்கு வர வேண்டும். 2022-ம் ஆண்டு அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழா போன்ற மேடைகளில் இந்தப் படங்களுக்கும் ஒரு சுவர் ஒதுக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளை தீப்பெட்டிப் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், "படிக்கிற வேளையில் என்ன விளையாட்டு?" என்று அதட்ட வேண்டாம். "இதில் என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். வரும் பதில் பெற்றோருக்கும் பாடமாக இருக்கலாம்.

எழுத்துக்காக ஒரு காலத்தில் ஊர் ஊராக விளக்கேற்றிய மாவட்டம் புதுக்கோட்டை. அன்று கற்ற தாய்மார்கள், "படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே" என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்.

இன்று இன்னொரு புத்திமதியும் சேர்ந்துகொள்ள வேண்டும்:

"கூர்ந்து பார்க்காமல் படத்தை நம்பாதே!"